நிலக்கரி அடுப்பால் வீட்டைச் சூடாக்குவது: முதல் தீயிலிருந்து கோடைச் சுத்தம் வரை

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்பு அடுப்பும் வருவதுண்டு. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வில்க்ஸ்-பேரிக்குப் பக்கத்தில், வீட்டின் பேஸ்மென்டில், கறுப்பாக, கனமாக, முன்கதவில் கண்ணாடியோடு நின்றது. எதிர்மூலையில் பலகை அடித்த தொட்டியில் அரை டன் கரி மிச்சம் கிடந்தது. முதல் குளிர்காலத்தில் எனக்குத் தெரியாததால் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது ஏழாவது குளிர்காலம். நவம்பரில் பற்றவைக்கும் தீ ஏப்ரல் வரை அணைவதில்லை. இந்தப் பக்கம் குடிவரும் நம்மவர்கள் யாராவது அப்படி ஓர் அடுப்பின் முன்னால் திகைத்து நின்றால் உதவட்டும் என்று, கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கரியைப் புரிந்துகொள்ளுங்கள்

நமக்கு நிலக்கரி என்றதும் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அங்கே வெட்டுவது பழுப்பு நிலக்கரி; எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். இங்கே மலைக்கடியில் கிடைக்கும் ஆந்த்ரசைட் அதே குடும்பத்தின் மறுகோடி. அதில் கரிமம் 86 முதல் 98 சதவீதம். உடைத்த பக்கம் கண்ணாடிபோல மின்னும். எரியும்போது புகை இருக்காது என்றே சொல்லலாம். குட்டையான நீலச் சுடர்தான். அந்தச் சுடர் கரிமேல் அங்குமிங்கும் துள்ளுவதைப் பார்க்கத்தான் இந்த ஊர்க்காரர்கள் அடுப்புக் கதவில் கண்ணாடி கேட்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆந்த்ரசைட் சுலபத்தில் பிடிக்காது. கிட்டத்தட்ட 500 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் பற்றும். அதனால்தான் ரொம்ப காலம் இதைக் கொல்லர்கள் மட்டுமே, துருத்தி வைத்து ஊதி, உலையில் எரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆகாத கல் என்றுதான் பெயர். 1808 பிப்ரவரி 11 அன்று, இதே வில்க்ஸ்-பேரியில் விடுதி நடத்திவந்த ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித் தட்டு ஒன்றைச் செய்து, கரியைத் தரையிலிருந்து தூக்கி அதன்மேல் வைத்தார். கீழே இருந்த இடைவெளியில் காற்று தானாக ஏறியது. துருத்தி இல்லாமலே கரி எரிந்தது. இந்த வட்டாரம் முழுதும் கரியால் குளிர்காய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் பாட்டியின் குமுட்டி அடுப்பும் இதே சூத்திரம்தான். மேலே கரி, நடுவில் ஓட்டைத் தட்டு, கீழே காற்றுக்கு ஒரு வாய். பாட்டி விசிறியை அந்த வாயில்தான் வீசுவாள், மேலே வீசமாட்டாள். விறகு அப்படியில்லை. சாம்பல்மேல் படுத்துக்கொண்டே, மேலிருந்து காற்று வந்தாலும் எரியும். நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து, கரியின் ஊடாகத்தான் போக வேண்டும். விறகு எரித்துப் பழகியவர்கள் தடுமாறுவதெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். இதற்குமேல் நான் சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்தக் காற்றுவழியைத் திறந்து வைத்திருப்பதற்கான வேலைகளே.

தீ வைப்பதற்கு முன்

அடுப்பு கரிக்கென்று செய்ததா என்று பாருங்கள். கரி அடுப்பில் அசைக்கக்கூடிய கம்பித் தட்டு இருக்கும், அதை ஆட்ட வெளியே ஒரு கைப்பிடி இருக்கும். தட்டுக்குக் கீழே சாம்பல் தட்டமும், அதற்குத் தனிக் கதவும், அந்தக் கதவில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கும். உள்சுவரில் தீச்செங்கல் பதித்து, குழி ஆழமாக இருக்கும். விறகுக்கு மட்டும் செய்த அடுப்பில் கரி போடாதீர்கள். அடியில் காற்று வராமல் தீயும் அணையும், போட்ட இடத்தில் இரும்பும் கெடும்.

அப்புறம் புகைபோக்கி. ஆள் வைத்து உள்ளே விளக்கோ கேமராவோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சுடுமண் குழாய் விரிசலில்லாமல் இருந்தால் நல்லது. எஃகுக் குழாய் இறக்க வேண்டியிருந்தால், கரிக்குத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கரியில் உள்ள கந்தகம் மட்டமான எஃகை அரித்துவிடும். எண்ணெய் பர்னரோ கேஸ் ஹீட்டரோ போகும் அதே புகைவழியில் கரி அடுப்பைச் சேர்க்கக் கூடாது. தனி வழி வேண்டும். கூரையைத் தாண்டி புகைபோக்கி குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயரமாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து சுவருக்குப் போகும் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சுவருக்கும் நடுவே 18 அங்குலம் விட வேண்டும். குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணி. இந்த மூன்றாவது திருகாணி ஏன் என்று எனக்கு முதல் வருஷம் புரியவில்லை. கீழே 'டுப்' என்ற சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது உங்களுக்கே புரியும்.

குழாயில் பாரோமெட்ரிக் டேம்பர் என்று ஒரு தகடு பொருத்துவார்கள். காற்று பலமாக அடிக்கும் ராத்திரியில் புகைபோக்கி கண்டபடி இழுத்து, கரியை அள்ளிக்கொண்டு போகாமல், இந்தத் தகடு தானே திறந்து இழுப்பைச் சமன் செய்யும். கரி அடுப்புக்கு இது தங்கம். இழுப்பை அளக்க மேனோமீட்டர் என்ற சிறு கருவியை மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலான அடுப்புகள் 0.04 முதல் 0.06 அங்குல நீர் அளவுக்குள் (இழுப்பின் அழுத்தத்தைச் சொல்லும் அலகு இது) நன்றாக ஓடும். உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருப்பார்கள்.

கார்பன் மோனாக்சைடு

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன். கங்கு நிறைந்த அடுப்பு எப்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை வந்தால் கண் எரிந்து எழுந்துவிடுவோம். இது வந்தால் தூக்கம் இன்னும் ஆழமாகும். ஆகவே ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட பேட்டரி இருக்க வேண்டும். கருவி இல்லாமல் ஒரு ராத்திரிகூட தீ வைக்காதீர்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் ஜலதோஷம் என்று நினைத்து மாத்திரை தேட வேண்டாம். எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள், அங்கிருந்து அவசர உதவி எண்ணான 911க்குப் பேசுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி வற்றல்குழம்புக்குத் தாளிக்க, மிளகாய் நெடி தாங்காமல் சமையலறைப் புகைவிசிறியை உச்சத்தில் வைத்தோம். குளிருக்காக ஜன்னல்களை ஏற்கெனவே ரப்பர் பட்டி வைத்து இறுக்கி அடைத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் பேஸ்மென்டில் இருந்த கருவி அலறியது. விசிறி வெளியே தள்ளிய காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே. அது புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது, அடுப்பின் வாயுவையும் கூட்டிக்கொண்டு. அன்றிலிருந்து விசிறி போடுமுன் சமையலறை ஜன்னலை இரண்டு விரற்கடை திறப்பது எங்கள் வீட்டுச் சட்டம். துணி காயவைக்கும் இயந்திரமும் இப்படித்தான் காற்றை வெளியே தள்ளும், அதையும் கவனியுங்கள்.

கரி வாங்குவது

கரியின் அளவுகளுக்கு இங்கே தானியப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அரிசி, பட்டாணி, கொட்டை. கடையில் கேட்க வேண்டிய பெயர் ரைஸ், பீ, நட். 'ரைஸ்' விசிறியோடும் மோட்டாரோடும் தானே கரி தள்ளிக்கொள்ளும் ஸ்டோக்கர் அடுப்புகளுக்கு. கையால் கரி போடும் அடுப்புக்கு 'நட்', அதாவது ஏறத்தாழ 2 முதல் 4 சென்டிமீட்டர் துண்டுகள். நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். துண்டுகளுக்கு நடுவே காற்று தாராளமாகப் போகும். 'பீ' அதைவிடச் சிறியது. மெதுவாக எரியும், ஆனால் இழுப்பு நன்றாக இருக்க வேண்டும்.

18 கிலோ மூட்டையாகவும் கிடைக்கும், லாரியில் டன் கணக்கிலும் வரும். லாரி என்றால் சரிவுத்தகடு வைத்து பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக நேரே தொட்டிக்குள் கொட்டிவிடுவார்கள், விலையும் குறைவு. எங்கள் வீட்டுக்கு ஒரு பருவத்துக்கு நாலு டன் (இங்கே ஒரு டன் என்பது 907 கிலோ) ஆகிறது, நாளுக்குச் சுமார் 20 கிலோ. ஒரு டன் ஆந்த்ரசைட்டில் ஏறத்தாழ 2.5 கோடி பி.டி.யூ. (வெப்பத்தை அளக்க இங்கே பயன்படுத்தும் அலகு) வெப்பம் இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். கரி நனைந்தால் கெடாது. பார்க்கப்போனால், கொட்டுமுன் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும்.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் புகை வரும் பழைய வீட்டுக்கரி விற்பனையை 2023 மே மாதத்தோடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆந்த்ரசைட்டுக்குத் தடையில்லை. உங்கள் பகுதி விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் தீ

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் கரி பிடிக்காது.

முதலில் காற்றுத் திருகு எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து, சாம்பல் தட்டம் காலியாக உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் கசக்கிப் போட்டு, அதன்மேல் சிராய், அதன்மேல் கை மொத்தத்தில் காய்ந்த விறகு நாலைந்து. பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அது வேண்டவே வேண்டாம். மூடிய இரும்புப் பெட்டிக்குள் எண்ணெய் ஆவி நின்றால் வெடிக்கும்.

விறகு நன்றாக எரிந்து, புகைபோக்கி சூடேறி, தட்டின்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் செங்கங்கு சேரும்வரை காத்திருங்கள். சுடர் விடும் விறகின்மேல் கரி போட்டுப் பயனில்லை, கங்குதான் வேண்டும். கங்கு வந்ததும் சிறு முறத்தளவு கரியை ஒரே அடுக்காகத் தூவுங்கள். சாம்பல் கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் படபடவென்று பொரியும் சத்தம் வரும், கடுகு பொரிவதுபோல. அந்தச் சத்தம் வந்தால் கரி சூட்டை வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பிறகு அடியில் சிவப்பும் மேலே நீலச் சுடரும் தெரியும். அதன்பின் இன்னோர் அடுக்கு. மறுபடி சுடர் வரட்டும். இப்படியே மூன்று நாலு தவணையில் தீச்செங்கல்லின் விளிம்புவரை நிரப்புங்கள்.

விளிம்புவரை என்று நான் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் சிக்கனம் என்று நினைத்துப் பாதி நிரப்புகிறார்கள். கரித் துண்டுகள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டுதான் எரியும். குவியல் மெலிந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே குளிர்ந்து அணைந்துவிடும். வெப்பத்தைக் குறைக்க வேண்டுமா? காற்றைக் குறையுங்கள், கரியைக் குறைக்காதீர்கள்.

நிரப்பி முடித்ததும் சாம்பல் கதவை மூடுங்கள். அடுப்பை விட்டு நகரும்போது அந்தக் கதவு ஒருபோதும் திறந்திருக்கக் கூடாது. அடியிலிருந்து காற்று வெள்ளமாகப் பாய்ந்தால் கம்பித் தட்டே உருகி வளைந்துவிடும். போன் வந்தால் எடுக்காதீர்கள், அல்லது கதவை மூடிவிட்டு எடுங்கள். சுடர் நிலைத்த பிறகு காற்றுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கால் திருகு மாற்றினால் அதன் பலன் தெரிய அரை மணி ஆகும். அதற்குள் திரும்பத் திரும்பத் திருகினால் அடுப்பு உங்களைச் சுற்றலில் விட்டுவிடும்.

காலையும் மாலையும்

தீ நிலைத்தபின் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கவனித்தால் போதும். நான் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இறங்குவேன். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம்.

மேலே பார்த்தால் எல்லாம் வெளிறிய சாம்பலாக, அணைந்ததுபோல இருக்கும். நீறுபூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதுதான். முதலில் காற்றைத் திறந்துவிட்டு ஐந்து பத்து நிமிஷம் காத்திருங்கள். உள்ளே சிவப்பு எழும்பும். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துத் தட்டை ஆட்டுங்கள். நீளமாக இழுக்காமல், சின்னச் சின்னதாக, வெடுக் வெடுக்கென்று. முதலில் சாம்பல் மழையாகக் கொட்டும். பிறகு சாம்பல் தட்டத்தில் செவ்வொளி விழத் தொடங்கும், ஓரிரு செம்பொறிகள் விழும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஆட்டினால் எரியும் கரியே கொட்டிவிடும். குறைவாக ஆட்டினால் சாம்பல் காற்றை அடைத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் தீ போய்விடும். இந்த அளவு கைக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு அடுப்புக்கும் அது வேறு.

தீ ரொம்பத் தணிந்திருந்தால் ஆட்டவே வேண்டாம். ஒரு கை கரியைத் தூவி, காற்றைத் திறந்து, அது பிடித்தபின் ஆட்டுங்கள்.

மேலிருந்து கம்பியால் கிளறுவதை மறந்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டிக்காரர் கங்கைக் கிளறுவதைப் பார்த்து வளர்ந்த கை எனக்கு. முதல் வாரம் கிளறிக் கிளறியே நாலு முறை தீயை அணைத்தேன். கிளறும்போது மேலே எரியும் சூட்டுக்குள் சாம்பல் கலந்து, உருகி, கட்டியாக இறுகிவிடும். அந்தக் கட்டி தட்டில் சிக்கினால் காற்றும் போகாது, தட்டும் அசையாது. மூலையில் சாம்பல் தேங்கினால் வளைந்த கம்பியைத் தட்டுக்குக் கீழிருந்து மேலே குத்தித் தள்ளிவிடுங்கள்.

ஆட்டி முடித்ததும் புதுக்கரி. இங்கேதான் அந்த 'டுப்'. முதல் டிசம்பரில் ஓர் இரவு, சீக்கிரம் படுக்கப் போக வேண்டும் என்று ஒரு வாளி கரியை ஒரேயடியாகச் செங்கங்குமேல் கவிழ்த்தேன். சிவப்பு ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. கதவை மூடி, மாடிப்படியில் கால் வைத்தேன். அடுப்பு குலுங்கி, கதவு தடாலென்று திறந்து, இணைப்புகளில் இருந்து சாம்பல் புகையாகச் சீறியது. புதுக்கரி சூடாகும்போது முதலில் வாயுவை விடுகிறது. அதைப் பற்றவைக்க மேலே சுடர் இல்லாவிட்டால் வாயு அடுப்புக்குள் சேரும். கடைசியில் ஒரு பொறி பட்டதும் மொத்தமாக வெடிக்கும். மூன்று திருகாணி போட்டிருந்ததால் குழாய் கழன்று விழவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெரியவர் வந்து, கரியைப் பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் போட்டு, முன்மூலையில் கைக்குட்டை அகலத்துக்குக் கங்கைத் திறந்தே விட்டுக் காட்டினார். வாயு வரவர அந்தச் சிவப்பு மூலை அதை உடனுக்குடன் கொளுத்தியது. நீலச் சுடர் கரிமேட்டின் முதுகு முழுவதும் ஓடியது. அந்தச் சுடரைக் கண்ணால் பார்க்காமல் இன்றுவரை நான் மாடி ஏறியதில்லை.

சுடர் பரவும் நேரத்தில் சாம்பல் தட்டத்தைக் காலி செய்யுங்கள். சாம்பல் குவிந்து கம்பித் தட்டைத் தொடவே கூடாது. கீழிருந்து போகும் காற்றுதான் அந்த இரும்பைக் குளிர்விக்கிறது. கொட்டியபின் காற்றைப் பழைய அளவுக்குத் திருகிவிட்டு வரலாம்.

சாம்பல்

நாளைக்கு இரண்டு மூன்று கிலோ வரும். மூடியுள்ள தகர வாளியில் கொட்டி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் மண்ணிலோ கல்லிலோ வையுங்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே நாள்கணக்கில் கங்கு இருக்கும். விறகுச் சாம்பலைப்போல இதைத் தோட்டத்துக்கோ பாத்திரம் தேய்க்கவோ பயன்படுத்தக் கூடாது; ஆர்சனிக் போன்றவை இதில் இருக்கும். பனி உறைந்த நடைபாதையில் வழுக்காமல் இருக்க இங்கே தூவுகிறார்கள். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும் என்பதால் நான் வாசலில் தூவுவதில்லை.

வெயில் எட்டிப்பார்க்கும் நாள்கள்

மார்ச் கடைசியில் திடீரென்று வெளியே 12, 15 டிகிரி ஆகும். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் புகைபோக்கியின் இழுப்பும் குறையும். தீ மந்தமாகும், வாயு வீட்டுக்குள் தங்கும். அப்படிப்பட்ட நாள் ஒன்றிரண்டு என்றால் கொஞ்சமாக ஆட்டி, காற்றைச் சற்றே கூட்டி ஓட்டலாம். வாரம் முழுக்க அப்படி என்றால் அணைத்துவிடுங்கள். கரி போடாமல் விட்டால் தானே அணையும். தண்ணீர் ஊற்றினால் சூடான வார்ப்பிரும்பு வெடித்து விரிசல் விடும்.

குளிர்காலத்தில் அடுப்பு தரும் இன்னொரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் இட்லி மாவு இந்த ஊரில் பொங்கவே பொங்காது. அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி அலமாரியில் வைத்தால் காலைக்குள் பாத்திர மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

தீ அணைந்த பிறகு

பெரும்பாலோர் கோடைச் சுத்தத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டு ஏமாறுகிறார்கள். குழாயில் படிந்த மெல்லிய சாம்பலில் கந்தகம் இருக்கிறது. கோடையின் புழுக்கம் அதில் சேர்ந்தால் அமிலமாகி, ஒரே கோடையில் தகட்டைச் சல்லடையாக்கிவிடும். ஆகவே அடுப்பு ஆறிய அதே வாரத்தில் குழாயைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தட்டித் துலக்குங்கள். மூக்கில் முகக்கவசம் வேண்டும். அடுப்பின் உள்மூலைகள், குழாய் சேரும் வளைவு, புகைபோக்கியின் அடியில் இருக்கும் சுத்தக் கதவு மூன்றிலும் சாம்பல் சேர்ந்திருக்கும். கம்பித் தட்டில் வளைவு இருக்கிறதா, கதவைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்பு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வரக் கூடாது. வந்தால் அடைப்பை மாற்ற வேண்டும். உள்சுவரில் எண்ணெய் லேசாகத் தடவி, ஈரம் இறங்காமல் குழாய் வாயை அடைத்துவையுங்கள். அடைத்ததைக் கதவில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், நவம்பரில் மறந்துபோய் தீ வைத்துவிடாமல் இருக்க.

கரிக்கு ஜூன், ஜூலையில் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் முதல் குளிர் வந்ததும் ஊரே போன் போடும். லாரி உங்கள் வாசலுக்கு வர மூன்று வாரம் ஆகும்.